மோந்து பார்க்கச் சொன்ன அக்கா

எழுதிப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், திராட்சைத் தோட்டத்தில் எந்தப் பந்தலுக்கு எந்த மருந்து அடித்தோம் என்று நோட்டில் குறித்து வைத்ததுதான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் இன்னொருவரைப் பற்றி எழுதி, அதைப் படியுங்கள் என்று நீட்டுவது அதிகப்பிரசங்கம்தான். அதிலும் இந்த அக்காவைப் பற்றி எழுத ஊரிலேயே யோக்கியதை குறைந்தவன் நான். அது ஏன் என்று சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பலருக்குத் தெரியாது. இரும்புக் கடை அக்கா என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில், தகரக் கொட்டகை போட்ட பழைய இரும்புக் கடை. உடைந்த சைக்கிள், ஓட்டைக் குடம், அட்டைப் பெட்டி, சாக்கு, பாட்டில், ஓடாத மிக்ஸி எல்லாம் அங்கே மலைமலையாகக் கிடக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல்.

அந்தக் குப்பையிலிருந்துதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி உடுப்பெல்லாம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, குழந்தைகள் தினம் என்றாலும், முந்தின வாரம் கடை வாசலில் தாய்மார்கள் கூடிவிடுவார்கள். வாடகைக்கு உடுப்பு எடுக்கக் கம்பத்துக்கோ தேனிக்கோ போக வேண்டியதில்லை. அக்கா யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். போட்டி முடிந்ததும் உடுப்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும், அடுத்த பிள்ளைக்கு ஆகும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அக்காவுக்கு மூக்கு கிடையாது. முகத்தில் மூக்கு இருந்தது, மூக்குத்திகூடப் போட்டிருந்தார். வாசனை தெரியாது, அவ்வளவுதான். இளவயதில் ஒயரை எரித்துச் செம்புக் கம்பி எடுக்கிற வேலை செய்தாராம். "அந்தப் பொகையிலயே மூக்கு செத்துப்போச்சு தம்பி. மல்லியப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அதனால் அவருக்கு ஒரு பழக்கம். எதையும் அடுத்தவர் மூக்குக்கு முன்னால் நீட்டிவிடுவார். தூக்குச்சட்டியைத் திறந்து, எடைக்குப் போட வந்தவரிடம், "இந்தக் கொழம்பு ஊசிப்போச்சா, பாத்துச் சொல்லுங்க" என்பார். பக்கத்து டீக்கடைக்காரருக்கு இது ஒரு விளையாட்டு. அக்கா ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும், "ஏலே, அக்கா வருதுடா! எதையாச்சும் மோக்க வச்சிரும், ஓடிருங்கடா" என்று கத்துவார்.

"எனக்கு மூக்கு இல்லாததாலதான ஒன் டீயக் குடிக்கிறேன்" என்பார் அக்கா. "மூக்கு உள்ளவுக ஒருத்தராச்சும் ரெண்டாவது கிளாஸ் கேட்டிருக்காகளா, சொல்லு பாப்போம்."

பிள்ளைகள் உடுப்பு விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கம் விளையாட்டு இல்லை. தைத்து முடித்த எதையும் பெற்றவர்கள் மோந்து பார்க்காமல் கடையை விட்டுக் கொண்டுபோக முடியாது. சாக்குக்குள் தலையை விட்டு மோக்க வேண்டும். அட்டையை மடிப்பு மடிப்பாக மோக்க வேண்டும். ஒருமுறை உடுப்பை வாங்க வந்த பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரையே விடவில்லை. அவர் பட்டுப் புடவையோடு குனிந்து ஒரு அட்டை மயிலின் வயிற்றை மோந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

"நாறுதுன்னா நாறுதுன்னு சொல்லிப்புடணும். என் மனசு ஒண்ணும் நோகாது. பச்சப்புள்ள மேனில படுறது" என்பார்.

வாய்ப்பேச்சுக்காகச் சொல்வதில்லை அது. ஒரு தடவை ஒரு ஆட்டோக்காரர் மகளுக்குப் பட்டாம்பூச்சிச் சிறகு செய்திருந்தார். பழைய குடைத் துணியில் சாக்லேட் காகிதங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, மூன்று நாள் வேலை. ஆட்டோக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "லேசா மண்ணெண்ண வாட வருதுக்கா. பரவால்ல, குடுங்க" என்றார். அக்கா சிறகை வாங்கினார். கத்தரிக்கோலால் கம்பியிலிருந்து துணியை வெட்டித் தனியாகப் போட்டார். ஆட்டோக்காரர் பதறிப்போய், "ஐயோ, லேசாத்தானக்கா!" என்றார். "லேசோ பாரமோ, வருதுல்ல" என்று வேறு குடையை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குள் புதுச் சிறகு தயாராகிவிட்டது. அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது.

நான் அதையும் பார்த்திருந்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த உடுப்புகளைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தேங்காய் நாரில் பிடரி வைத்த சிங்கம் ஒன்று. அதைப் போட்ட பையன் மேடையில் அரிப்புத் தாங்காமல் கழுத்தையும் முதுகையும் பிறாண்டினான். கூட்டம் அவன் நடிக்கிறான் என்று நினைத்துக் கை தட்டியது. முதல் பரிசு. கோம்பையிலிருந்து வந்த ஒரு அம்மா, "எல்லாரும் புலி, சிங்கம்னு போடுறாக. எங்க ஊருன்னா எங்க ஊரு நாய்தான்" என்று சொல்லி, மகனுக்குக் கோம்பை நாய் உடுப்புக் கேட்டார். அக்கா செம்மண் நிறச் சணல் சாக்கில் உடம்பும், பவுடர் டப்பாவில் கறுப்பு மூஞ்சியும் செய்துகொடுத்தார். அவன் மேடையிலிருந்து இறங்கி நேராக நடுவர் கையைக் கடித்துவிட்டான். அக்கா அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "சாக்கு உள்ள போனதும் புள்ளைக்கு வேற புத்தி வந்துருதுய்யா. அதுதான் வேசம்."

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறது என் வேலை. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, பந்தலுக்கு அடியில் அண்ணாந்து அடிக்க வேண்டும். அடிக்கிறதில் பாதி நம் மேலேயே இறங்கும். என்ன சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை போகாது என்று எனக்கு ஒரு எண்ணம். ஒருமுறை கம்பம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நான் பஸ்ஸில் பின்படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பேன். பள்ளிக்கூடத்துக் கூட்டத்திலும் வாசலை ஒட்டி நிற்பேன். யாராவது மூக்கைச் சுளித்தால் உடனே இரண்டடி பின்னால் போய்விடுவேன். அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

என் மகளும் என்னைப் போலத்தான், கூச்சக்காரி. அப்போது யூகேஜி. குழந்தைகள் தினத்துக்கு அவளை விண்வெளி வீராங்கனையாக நிற்க வைக்கச் சொன்னார்கள். "நான் நிலாவுக்குப் போகிறேன். உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?" அவ்வளவுதான் வசனம். வீட்டுச் சுவரிடம்கூட அதைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

அக்காதான் அதற்கு வழி கண்டுபிடித்தார். "மூஞ்சி தெரியாட்டி பேசுவா. பாருங்க" என்றார். வெள்ளைச் சாக்கைப் புரட்டித் தைத்துச் சட்டை, கால்சட்டை. தலைக்கு ஒரு பெரிய வெள்ளைக் கேன். அடியை அறுத்து, முகத்துக்கு நேரே வட்டமாக ஜன்னல் வெட்டி, அதில் கண்ணாடித் தாளை ஒட்டினார். பக்கவாட்டில் ஒரு பழைய டார்ச்சின் மூடி. மகள் அதைத் தலையில் மாட்டியதும் உள்ளேயிருந்து குரல் கணீரென்று வந்தது. "நான் நிலாவுக்குப் போகிறேன்!" என் வீட்டுக்காரி அழுதேவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக் கேன்களை அக்கா உடுப்புக்குத் தொடமாட்டார். எடைக்கு வந்தால் வாங்கிப் பின்னால் தனியாகக் கம்பி போட்டுப் பூட்டி வைப்பார். இந்தக் கேனில் லேபிள் இல்லை. கொண்டுவந்தவர் வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்த கேன் என்று சொல்லித்தான் போட்டிருக்கிறார். அக்கா அதைச் சோப்புப் பவுடர் போட்டு இரண்டு தடவை கழுவியிருந்தார். ஆனால் அந்த வாரம் மழை. காய வைக்க வெயில் இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் உடுப்பை வாங்கப் போனேன். கடை வாசலில் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் உடுப்புக்காக நின்றார்கள். அக்கா கேனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க தம்பி."

குனிந்தேன். மருந்து வாடை. கொஞ்சமாகத்தான், ஆனால் தெளிவாக வந்தது. எனக்குத் தெரியாத வாடையா அது.

அப்போது என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். ஐயோ, என் மேலிருந்து வருகிறது, பக்கத்தில் நிற்கிற பொம்பளைகளுக்கும் அடிக்கும் என்றுதான் நினைத்தேன். உடனே இரண்டடி பின்னால் போனேன்.

"நாறுதா?" என்றார் அக்கா. "நாறுதுன்னா தைரியமாச் சொல்லுங்க."

எனக்கு ஆட்டோக்காரரின் சிறகு ஞாபகம் வந்தது. நாலு நாள் வேலை. விடிந்தால் போட்டி. என் நாற்றத்தை மோந்துவிட்டு அவர் உழைப்பை வெட்டிப் போட வைப்பதா என்றும் ஒரு எண்ணம் வந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"ஒங்க மூக்க நம்பித்தான் குடுக்குறேன்" என்று சிரித்தபடி கேனை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை தூறல். ஏழரை மணிக்கே மகள் உடுப்பை மாட்டிக்கொண்டாள். தலைக் கேனைக் கழற்றவே மாட்டேன் என்றாள். ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள உங்க வாசம் அடிக்குதுப்பா."

"என் வாசமா?"

"ம். மருந்தடிச்சிட்டு வருவீகள்ல, அந்த வாசம். நீங்க உள்ள இருக்க மாதிரி இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டோ ஓட்டியவர் காதில் விழுந்திருக்குமோ என்று பார்த்தேன். அவளை மடியிலிருந்து இறக்கி, அவள் அம்மா பக்கம் தள்ளி உட்கார வைத்தேன். அதுதான் அன்றைக்கு நான் செய்தது.

பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. மழைச் சாரல், கூட்டம், புழுக்கம். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒன்றரை மணி நேரம் ஆனது. பேச்சு, மாலை, விளக்கு. மற்ற பிள்ளைகள் கிரீடத்தைக் கழற்றினார்கள், மீசையைப் பிய்த்தார்கள். என் மகள் மட்டும் கேனைக் கழற்றவில்லை. நான் பின்னால் வாசலை ஒட்டி நின்றேன். அக்கா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மெதுவாக நடந்து வந்தாள். நிலாவில் நடக்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம். ஹால் முழுக்கச் சிரிப்பு. "நான் நிலாவுக்கு..." என்றாள். அப்படியே முழங்காலில் உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். "அடேயப்பா, என்னமா நடிக்குது பாரு" என்று எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார்.

நானும் தட்டினேன். இந்தக் கையால்தான்.

முதலில் எழுந்தது அக்கா. மேடையில் ஏறி, கேனை இழுத்துக் கழற்றினார். மகள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சட்டையெல்லாம் வாந்தி. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் நின்ற என்னைத் தாண்டித்தான் ஓடினார். அப்போதுதான் எனக்குக் கால் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. உடுப்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி இரண்டும் கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. ஊசி போட்டார். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று போட்டார். பிறகு வெளியே வந்து கேட்டார்.

"பூச்சி மருந்து. எப்படிப் பட்டுச்சு?"

நான், என் வீட்டுக்காரி, அவள் அண்ணன், வகுப்பு டீச்சர், அக்கா ஐந்து பேரும் நின்றோம். அக்கா கையில் அந்தக் கேன் இருந்தது. விடாமல் ஓடி வந்திருக்கிறார். டாக்டரம்மா அதை வாங்கி, ஒரு சாண் தூரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை யாருமே மோந்து பார்க்கலையா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றார் அக்கா. "எனக்கு மூக்கு கெடையாது. யாருகிட்டயும் கேக்காம நாந்தான் குடுத்துட்டேன்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். வாழ்நாள் முழுக்க ஊரையே பிடித்து வைத்து மோக்கச் சொன்ன மனுஷி, யாரிடமும் கேட்கவில்லை என்று சொன்னார்.

என் மச்சான் அவர் மேல் பாய்ந்தார். "குப்பையில கெடந்ததப் பொறுக்கிப் புள்ள தலையில மாட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? வேசம் கட்டுறேன் வேசம் கட்டுறேன்னு பெருமை. கொல்லப் பாத்தியேடி!"

என் வீட்டுக்காரி அவர் காலடியில் உட்கார்ந்து, "ஏங்க்கா, ஏன்?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். சத்தம் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். ஒருவேளை அப்படி ஆட்டவே இல்லையோ என்னவோ. எனக்கு வசதியாக நானே அப்படி ஞாபகம் வைத்துக்கொண்டேனோ தெரியாது.

அக்கா போன பிறகு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கண்ணில் பட்டது. மழை பிடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மழையில் மருந்தடிக்க மாட்டார்கள். ஐந்து நாளாக நான் டேங்க்கையே தொடவில்லை. தினமும் இரண்டு வேளை குளித்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் என் மேல் மருந்து வாடை அடிக்க வழியே இல்லை. இது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

மகள் சாயங்காலம் கண் விழித்தாள். "ப்ரைஸ் குடுத்தாகளா?" என்று கேட்டாள். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எந்தக் குறையும் இல்லை.

அக்கா அடுத்த பொங்கலுக்குள் கடையை விட்டுவிட்டுப் போடிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை போடி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் இன்றும் அவரைக் குழந்தைக்கு விஷம் வைத்தவள் என்கிற மாதிரித்தான் பேசுகிறார்கள். அந்தக் கேனை மோந்து பார்த்தவன் நான். நாறவில்லை என்று சொன்னவனும் நான். என் வீட்டுக்காரிக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியப் போகிறது.

போட்டிக்கு மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அக்கா கடையைத் திறந்து, சிங்கம், கோம்பை நாய், மயில், பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மழை விட்டதும் அடிக்காவிட்டால் பந்தலில் நோய் விழுந்துவிடும் என்று தோட்டத்திலிருந்து போன் வந்தது. துணியை ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அன்று சாயங்காலம் வரைக்கும் ஒன்பது டேங்க் மருந்தடித்தேன்.